ஊரப்பாக்கத்தில் ஆறிப்போன பீட்சா

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்றரை மணி. ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு பீட்சாக் கடை. ஒரு மேஜை, ஐந்து பேர். நடுவில் எட்டுத் துண்டாக வெட்டிய ஒரு பெரிய பீட்சா.

இருபது நிமிடம் ஆகிவிட்டது. எட்டில் ஒன்றைக்கூட யாரும் கடிக்கவில்லை.

சீஸ் ஆறினால் என்ன ஆகும் தெரியுமா? முதலில் பளபளப்பு போகும். பிறகு ஓரம் சுருங்கும். கடைசியில் மொத்தமும் ஆட்டோ சீட் ரெக்சின் மாதிரி இறுகிவிடும். இதையெல்லாம் அன்றைக்குத்தான் கவனித்தேன். அதற்கு முன் எந்த பீட்சாவும் என் முன்னால் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்ததில்லை.

அந்த ஐந்து பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான். என் அம்மா. என் தங்கை செல்வி — செங்கல்பட்டில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. எதிரில், அவள் கட்டிக்கொள்ள விரும்பும் பிரபு. அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய அம்மா கஸ்தூரி.

ஆமாம், பெண் பார்க்கும் படலம்தான். பீட்சாக் கடையில்.

யார் செய்த ஏற்பாடு இது? நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதனால் ரேஷன் கார்டில் பெயர் திருத்துவதிலிருந்து மிக்ஸி வாங்குவது வரை எல்லாவற்றுக்கும் ‘அவனைக் கேளு’ என்பது வீட்டு வழக்கமாகிவிட்டது. தங்கையின் கல்யாணப் பேச்சும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. வாராவாரம் பத்திரிகையில் ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவனுக்கு இது தெரியாதா என்பது அப்பாவின் வாதம். அவர் ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடியில் செக்யூரிட்டி. அன்றைக்கு டூட்டி.

சரி, ஏன் பீட்சாக் கடை? அதற்கு என்னிடம் ஒரு தியரி இருந்தது. அது எப்படி உருவானது என்று சொன்னால்தான் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியும்.

என் முதல் பீட்சா, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பேக்கரியில். கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டை பப்ஸுக்கும் தேங்காய் பன்னுக்கும் நடுவே அது உட்கார்ந்திருக்கும். அடியில் பன் மாவு. மேலே துருவிய கேரட், குடைமிளகாய், தக்காளி சாஸ், ஸ்டாம்ப் சைஸில் கொஞ்சம் சீஸ். ஓவனில் அரை நிமிடம் வைத்துப் பேப்பர் தட்டில் தருவார்கள். இத்தாலிக்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ... எனக்கு அதுதான் இன்றைக்கும் பீட்சா.

கல்லூரி நாட்களில் நானும் ரவியும் அங்கே தினமும் நிற்போம். ஒன்றுதான் வாங்குவோம். அவன் ஒரு கடி, நான் ஒரு கடி. தட்டு மாறாது, எச்சில் பார்த்ததில்லை.

ஆனால் ரவி வீட்டுக்குப் போனால் வாசலில் பைக்கை நிறுத்தி ஹார்ன் அடிப்பேன். அவன் வெளியே வருவான். மூன்று வருடமும் அப்படித்தான். ‘உள்ளே வா’ என்று அவன் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்டதில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அவன் வீடு ஊருக்குள். என் வீடு காலனியில். அவ்வளவுதான்.

அப்போதுதான் தோன்றியது — பேக்கரி எவ்வளவு நல்ல இடம்! அங்கே யாரும் யாரையும் உள்ளே கூப்பிட வேண்டியதில்லை. எல்லோருமே வாசலில்தான் நிற்கிறோம்.

இரண்டாவது கடை, மாமல்லபுரத்தில். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் தெருவில் ஒரு மாடி. விறகு அடுப்பில் சுடுகிற பீட்சா. வேலை கிடைத்த புதிதில் அம்மாவையும் அப்பாவையும் அங்கே கூட்டிப் போனேன். பாதி ஆயுள் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டியவர் அப்பா. மெனு கார்டைத் தொடவே இல்லை. எழுந்து நேராக அடுப்புக்கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “கட்டை இன்னும் காயல. புகை அடிக்கும்” என்றார். அடித்தது. பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புகை வாசனையை ரசித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுச் சோற்றிலும் வருடக்கணக்காக அதே சவுக்குப் புகைதான். நாங்கள் அதைக் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது, திருப்போரூரில் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும் ஒரு பீட்சா வண்டி. தோசைக் கல்லில் மூடி போட்டுச் சுடுவார்கள். கிருத்திகை அன்றைக்குச் சிக்கன் கிடையாது. இது செல்வி கண்டுபிடித்த கடை. போன வருடம் அங்கே நின்றுகொண்டுதான், ஓரிகானோ பொட்டலத்தைப் பல்லால் கிழித்தபடி, “அண்ணா, பிரபுன்னு ஒருத்தரு” என்று ஆரம்பித்தாள். மறைமலை நகரில் கம்பெனி வேலை. நல்ல பையன். வீடு வேடந்தாங்கல் பக்கம். சொந்த நிலம், டிராக்டர்.

சொந்த நிலம் என்றதும் நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். என் தாத்தா காலம் வரைக்கும் நாங்கள் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். இதற்கு மேல் விளக்க வேண்டுமா? நம் வாசகர்களுக்கு வேண்டியதில்லை.

செல்வி பிடிவாதக்காரி இல்லை. அதுதான் எனக்குப் பயம். இரண்டு அம்மாக்களும் சம்மதித்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று அவளும் பிரபுவும் பேசி வைத்திருந்தார்கள். ஒருவர் முகம் சுளித்தாலும் போயிற்று. ஆகவே அந்த ஒரு சந்திப்பு ஒழுங்காக நடந்தாக வேண்டும்.

பிரபுவின் அம்மா எங்கள் வீட்டுக்கு வருவாரா? வந்தாலும் தண்ணீர் குடிப்பாரா? குடிக்கவில்லையென்றால் என் அம்மா அதை எப்படித் தாங்குவாள்? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு என் தியரி கை கொடுத்தது. யார் வீடும் வேண்டாம், கடை போதும். அதுவும் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தவர்கள் வராத தூரத்தில். ஊரப்பாக்கம்!

எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்.

அவர்கள் கடைக்குள் நுழைந்ததும் அம்மா எழுந்து நின்றாள். கஸ்தூரி அம்மா உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். செல்விதான் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கஸ்தூரி அம்மா அதைப் பார்த்தார்.

பேச்சு நன்றாகத்தான் போனது. மழை, ஏரித் தண்ணீர், லேப் வேலை, ரயில் கூட்டம். பிரபுவின் அப்பா வரவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பீட்சா வந்தது. நான் ஒரு துண்டை எடுத்து கஸ்தூரி அம்மாவின் தட்டில் வைத்தேன். அவர் தட்டை ஓர் அங்குலம் தள்ளி வைத்தார்.

“முடிவாகாம கை நனைக்கறதில்ல, தம்பி.”

எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். சம்பந்தம் பேசி முடியும் வரை இன்னொரு பக்கத்தார் சோற்றில் கை வைப்பதில்லை. காபி குடிக்கலாம், பஜ்ஜி சாப்பிடலாம், சாப்பாடு கூடாது. ஆனால் இந்த வழக்கத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. ஒருவர் உண்மையிலேயே எதற்காகச் சாப்பிடவில்லை என்பதை அவர் சொல்லவே வேண்டியதில்லை.

அம்மா தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்தக் காரணம் தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதேதான் தோன்றியது.

பிரபு மட்டும் மெதுவாக ஒரு துண்டை நோக்கிக் கையைக் கொண்டு போனான். அவன் அம்மா திரும்பாமலே, “வை அதை” என்றார். வைத்துவிட்டான்.

பக்கத்து மேஜையில் யாருக்கோ பிறந்தநாள். கடைப் பணியாளர்கள் சுற்றி நின்று கைதட்டிப் பாடினார்கள். முடித்ததும் அவர்களில் ஒருவர் எங்கள் மேஜைக்கு வந்து, யாரும் சாப்பிடாத பீட்சாவைக் கவலையோடு பார்த்து, எல்லாம் ஓகேவா என்று கேட்டார். ஓகே என்றேன். இதைவிடப் பெரிய பொய்யை நான் பத்தியில்கூட எழுதியதில்லை.

அப்போதுதான் அந்தத் திருவாயைத் திறந்தேன்.

“இது கடைதானேம்மா, எங்க வீடு இல்லையே. நீங்க தாராளமா சாப்பிடலாம்.”

பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக நினைத்தேன். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

கஸ்தூரி அம்மா என் பக்கம் திரும்பினார்.

“உங்க வூடு இல்லன்றதுல எனக்கு இன்னா தம்பி சந்தோஷம்?” என்றார். குரல் உயரவில்லை. “பொண்ணு வூட்டுக்கு எப்ப போறதுன்னு ரெண்டு மாசமா இவன்கிட்ட கேட்டுகினு கீறேன். கடைக்கு வரச் சொல்றாங்கன்றான். ரயில் ஏத்தி ஊரப்பாக்கம் வரைக்கும் இட்டாந்துட்ட. நாங்க உங்க வூட்ல உக்கார மாட்டோம்னு நீயா முடிவு கட்டிட்டியா?”

ஆமாம், நானாகத்தான் முடிவு கட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அம்மாவிடமும் கேட்கவில்லை. படித்தவன் அல்லவா... எல்லோருக்குமாகச் சேர்த்து நானே அவமானப்பட்டு, நானே மன்னித்து, நானே இடமும் பார்த்துவிட்டேன்.

“பொய் சொல்லக் கூடாது,” என்று அவரே தொடர்ந்தார். “இருவது வருசம் முன்னாடின்னா நானே வந்திருக்க மாட்டேன். இவுங்கப்பா இப்பவும் வர மாட்டாரு. அவரு தம்பிங்க இன்னா பேசுவானுங்கன்னும் தெரியும். அது எங்க வூட்டுப் பேஜாரு, நான் பாத்துக்கறேன். கட்டிக்கப் போறவன் எம் புள்ள. நான் வந்து சாப்புடலன்னா வேற எவ வருவா?”

அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது மெதுவாக, “எங்க வூடு சின்னதும்மா” என்றாள்.

“அடுப்பு கீதுல்ல?”

“கீது.”

“அப்புறம் இன்னா. நாளு பாத்து சொல்லு.”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து அன்றைக்கு அதுதான் முதல் தடவை. என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டாள். கடல் மீன் என்றார் கஸ்தூரி அம்மா. அவர்கள் பக்கம் ஏரி மீன்தானாம், முள்ளு ஜாஸ்தியாம். அதற்குப் பிறகு சங்கராவா வஞ்சிரமா என்று இரண்டு பேரும் பேச ஆரம்பித்தவர்கள் ரயில் நிலையம் வரை நிறுத்தவில்லை. பீட்சாவை டப்பாவில் போட்டு நான் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அந்தச் சந்திப்பில் எனக்கு மிஞ்சிய உருப்படியான வேலை அதுதான்.

என் தியரியைப் பிறகு யோசித்துப் பார்த்தேன். முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார இப்படி ஒரு கடை வேண்டியிருக்கிறது. ரவியோடு ஒரே தட்டில் சாப்பிட எனக்கு ஒரு பேக்கரி கிடைத்ததே. ஆனால் பேக்கரி இருந்த வசதியில், அவன் வீட்டுக்குள் போகலாமா என்று நான் மூன்று வருடம் கேட்காமலே இருந்துவிட்டேன். அவனும் கூப்பிடாமலே தப்பித்துக்கொண்டான். நம் பக்கத்தில் பீட்சாக் கடைகள் இவ்வளவு வேகமாகப் பெருகுவதற்கு சீஸ் மட்டும்தான் காரணமா என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரபுவோடு இரண்டு பஸ் மாறி வந்தார். காலனித் தெருவில் எல்லா வாசலிலும் ஆள். அம்மா பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கஸ்தூரி அம்மா ஓரமாக நகர்த்தினார். தரையில் உட்கார்ந்தார். அப்பா டூட்டி மாற்றிக்கொண்டு, அயர்ன் பண்ணிய சட்டையோடு, என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேனைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார்.

இலை போட்டாள் அம்மா. சோறு. வஞ்சிரம் மீன் குழம்பு.

கஸ்தூரி அம்மா பிசைந்து ஒரு வாய் வைத்தார். நாங்கள் நான்கு பேரும் நின்றுகொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு வாய். அப்புறம் என் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரு கல்லு உப்பு கம்மி.”

அம்மா ஓடிப்போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். வரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே... பரீட்சை ரிசல்ட்டில் நான் பாஸ் என்று சொன்ன அன்றைக்குக்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. பிரபுவின் அப்பா இன்னும் வரவில்லை. வருவாரா, தெரியாது.

ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். விருந்தாளி ‘பிரமாதம்’ என்பார். உப்பு கம்மி என்று சொல்ல சம்பந்திதான் வர வேண்டும்.