முதலில் சாவி

பூட்டு கெட்டுவிட்டது என்று யார் வந்து நின்றாலும் அந்தச் சாவிக்காரர் பூட்டைத் தொடமாட்டார். "மொதல்ல சாவியக் குடுங்க" என்பார். பத்துக்கு எட்டில் சாவியின் பல்தான் தேய்ந்திருக்கும். இத்தனை விவரமான மனிதர், குழந்தை இல்லையென்று ஏழு வருடமாக மனைவியை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிட்டார்.

போன வாரம்தான் அவருக்கே பரிசோதனை நடந்தது. இன்று டாக்டர் முடிவைச் சொன்னார்: "உங்க ஒய் குரோமோசோம்ல ஒரு சின்னத் துண்டு இல்ல. பிறவியிலேயே அப்படி. அதனாலதான் விந்தணு இவ்வளவு கம்மி. சிகிச்சை இருக்கு. ஆனா பையன் பொறந்தா அவனுக்கும் இதே குறை போகும். பொண்ணுக்குப் போகாது."

சாவிக்காரர் தலையாட்டினார். தேய்ந்த சாவியை வைத்து வெட்டினால் நகலும் அப்படித்தான் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருவரும் வீட்டுக்குள் நுழைந்ததும் அவருடைய அம்மா மருமகளைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவாவது உனக்கு என்னன்னு சொன்னாங்களா?"

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. கோளாறு எனக்குத்தான்," என்றார்.

மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"கடைக்கு வர்றவங்ககிட்ட மட்டும் மொதல்ல சாவியக் கேட்டீங்க."