பூட்டுக்காரர் வாங்கிய படகு

திண்டுக்கல்லில் ஒருவன் படகு வாங்கினான் என்றால் அவன் பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாகல் நகர் சுருளிவேலாக இருக்க வேண்டும். "ரெண்டும் ஒண்ணுதானே" என்பாள் அவர் மனைவி அழகம்மாள். அது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம். நமக்கு எதற்கு வம்பு?

சுருளிவேலுக்குத் தொழில் பூட்டு. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில், அவர் பட்டறையில் செய்த பூட்டு பழனி மடங்களிலும் மதுரை நகைக்கடைகளிலும் தொங்கியது. அதிலும் 'கள்ளாணிப் பூட்டு' என்று ஒன்று செய்வார். சாவி கையில் இருந்தாலும் அதைத் திறக்க முடியாது. அதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. வாங்குகிறவன் காதில் மட்டும் அதை ஓதுவார். பக்கத்துப் பட்டறை ஆரோக்கியதாஸ் டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தார், வடை வாங்கிக் கொடுத்தும் பார்த்தார். சுருளிவேல் வடையைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் படகு எதற்கு? மீன் என்றால் அவருக்கு உயிர். அழகம்மாளின் ஊர் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கம். அங்கே செங்கட்டான்குளம் என்று பெரிய குளம். அவள் தம்பி மொக்கைச்சாமியும் நாலு பேரும் சேர்ந்து அதில் மீன் பிடிக்கிற உரிமையை, மீன்பாசியை, ஏலம் எடுத்திருந்தார்கள். ஊர் வழக்கப்படி கோடையில் தண்ணீர் வற்றி முழங்காலளவு ஆன பிறகுதான் வலையோடு இறங்குவார்கள். "அதுவரைக்கும் காத்திருக்கறவன் மடையன். நடுக்குளத்துல கெடக்கற விரால என் படகு கொண்டாரும்" என்று மச்சினனிடம் சவால் விட்டுவிட்டார் சுருளிவேல். அப்போது அவரிடம் படகு கிடையாது. நீச்சலும் கிடையாது.

படகு கருவாட்டு வியாபாரி முகமது பாரூக்கிடம் இருந்தது. தொண்டிப் பக்கம் சரக்கெடுக்கப் போனவர், உப்புத்தொட்டியாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பழைய மீன்படகை லாரியில் ஏற்றி வந்துவிட்டார். அது கிடங்குக்குப் பின்னால் இரண்டு கோடை வெயிலில் கிடந்து வறண்டது. கிடங்குக் கதவுகளுக்குப் பூட்டுப் போட வந்த சுருளிவேல் அதைப் பார்த்தார். பார்த்ததும் கூலியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க மிஸ்திரி. கடல்ல போட்டா மெதக்கும், அதுக்கு நான் கேரண்டி" என்றார் பாரூக்.

"இங்க ஏது பாய் கடலு?"

"அதான் கேரண்டி குடுக்கறேன்."

படகு மாட்டுவண்டியில் ஏறி நாகல் நகர்ச் சந்துக்குள் நுழைந்தபோது தெருவே திரண்டுவிட்டது. ஊருக்கு வெள்ளம் வரப்போகிறதா என்று ஒரு கிழவர் நிஜமாகவே பயந்து கேட்டார். அழகம்மாள் வாசலில் நின்று, இடுப்பில் கையை வைத்தபடி, படகின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தாள்.

"இதுக்குப் புண்ணாக்கு வைக்கணுமா, பருத்திக்கொட்டை வைக்கணுமா?" என்றாள்.

அன்றிலிருந்து சுருளிவேல் பட்டறைக்குப் போவது குறைந்தது. துடுப்புக்கு இரும்புப் பூண் போட்டார். வலை மாட்ட வளையம், விளக்கு மாட்டக் கொக்கி, உட்காரும் பலகைக்கடியில் பூட்டுப்போட்ட ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் பூட்டுப்போட்ட இன்னொரு பெட்டி. தண்ணீர் இறைக்க வீட்டுச் செம்பு போயிற்று. நங்கூரக் கயிற்றுக்குக் கிணற்று வடம் போயிற்று. முன்பக்கம் கட்ட வண்டிமாட்டு மணி வந்தது. "எதுக்குங்க மணி?" என்று கேட்டதற்கு, "எதுக்க வண்டி வந்தா ஒதுங்க வேணாமா?" என்றார். அழகம்மாள் உள்ளே போய்விட்டாள். சில கேள்விகளுக்கு இப்படித்தான் பதில் வரும் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஐப்பசி மழையில் குளம் பாதி நிறைந்ததும் படகை வண்டியில் கொண்டுபோய் இறக்கினார்கள். சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, ஒரு தள்ளு தள்ளினார்கள். மொக்கைச்சாமி கைதட்டி முடிப்பதற்குள் தண்ணீர் பலகைக்குப் பலகை பீறிட்டு, சுருளிவேலின் கணுக்கால் நனைந்து, முழங்கால் நனைந்தது. முழங்காலளவு ஆழத்தில் நின்ற படகுக்குள்ளிருந்து அவர், "காப்பாத்துங்கடா!" என்று கத்தினார். குளிப்பாட்டிக்கொண்டிருந்த எருமையை விட்டுவிட்டு ஒருவன் வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

வைத்தியம் தொடங்கிற்று. ஈரம் போனால்தான் தார் பிடிக்கும் என்று படகைக் கரையேற்றி வெயிலில் கவிழ்த்துக் காயப்போட்டார். இடுக்குகளில் தேங்காய் நாரைத் திணித்தார். சின்னாளபட்டித் தறிகளில் கழித்துப்போட்ட நூலைத் திணித்தார். மேலே குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றித் தாரும் பூசினார். தண்ணீரில் விட்டதும் ஒழுகியது. மறுபடியும் கரையேற்றி, இன்னும் நன்றாகக் காயப்போட்டார். கொத்தனார் ஒருவர் சொன்னார் என்று சுண்ணாம்பும் கடுக்காயும் கலந்து, மொட்டைமாடிக்குப் பூசுகிற மாதிரி மெழுகினார். அது பார்க்க வெகு அழகாக இருந்தது. காரைவீடு மாதிரி நேராகத் தண்ணீருக்குள் போயிற்று.

இரண்டு நாள் மழை விட்டால் போதும், மனுஷன் படகைத் தூக்கிக்கொண்டு வெயிலைத் தேடுவார். காயக்காய ஒழுகல் கூடியது. ஒழுக ஒழுக அவர் காயப்போட்டார்.

கார்த்திகை முடிகிற சமயத்தில் அழகம்மாளின் பொறுமையும் முடிந்தது.

"இந்தா பாருங்க. இந்த வருசப் பொங்கலு எங்க தம்பி வீட்ல. அதுக்குள்ள இந்தப் படகுல ஒரு மீனு வரணும். வரலைன்னா பொங்கப்பானைக்கு இதான் வெறகு. எங்க ஆத்தா மேல சத்தியம்."

அவள் ஆத்தா மேல் சத்தியம் செய்தால் செய்ததுதான். ஒருமுறை அப்படிச் சத்தியம் பண்ணி அவருடைய வெற்றிலைப் பழக்கத்தையே நிறுத்தியவள். ஊர் சிரித்தது, மச்சினன் சிரித்தான், ஆரோக்கியதாஸ் வாயில் வடையை வைத்துக்கொண்டே சிரித்தார். அதெல்லாம் போகட்டும். ஆனால் படகு விறகாகப் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து அடுத்தவன் பொருளுக்குப் பூட்டுச் செய்தே காலம் போயிற்று. பூட்டிவைக்கத் தனக்கென்று அவரிடம் இருந்தது இந்த ஓட்டைப் படகு ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துக் கரையில் வைத்திருந்த துடுப்பு ஒன்று களவு போயிற்று. இரும்புப் பூணுக்காக எவனோ எடுத்திருக்கிறான். அன்றைக்கே சுருளிவேல் பட்டறையிலிருந்து கெட்டிச் சங்கிலியும் கள்ளாணிப் பூட்டும் கொண்டுவந்தார். தண்ணீர் விளிம்பில் நின்ற கருவேல மரத்தின் தூரில் சங்கிலியைச் சுற்றி, படகின் மூக்கு வளையத்தில் கோத்து, ஒரு விரல்கூட நுழையாமல் இறுக்கிப் பூட்டினார். காற்றில் ஆடக்கூடாது என்று உள்ளே நாலு கருங்கல்லையும் வைத்தார்.

"மச்சான், சங்கிலியக் கொஞ்சம் தளர விடலாம்ல?" என்றான் மொக்கைச்சாமி.

"போடா மாப்ள. சங்கிலி தொங்குனா கடப்பாரை நொழையும். பூட்டுக்காரனுக்கே பாடஞ்சொல்றியா?"

பூட்டுத் தொழிலில் அது வேதவாக்கு. வீட்டுக் கதவும் கடைக் கதவும் வெள்ளத்தில் மிதப்பதில்லை. அதனால் அந்த வேதத்துக்கு இதுவரை ஒரு பங்கமும் வந்ததில்லை.

மார்கழியில், யாரும் எதிர்பாராமல், மலையில் கொட்டிய மழை ஓடைகளில் இறங்கியது. செங்கட்டான்குளம் நிறைந்து மறுகால் போயிற்று. கட்டிப்போடாத படகாக இருந்தால் மிதந்திருக்கும். படகோ மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி தலையைத் தூக்க முடியாமல் நின்ற இடத்திலேயே முங்கிப்போனது. சுருளிவேல் பதறியடித்து ஓடிவந்தபோது தண்ணீருக்கு மேல் கருவேல மரத்தின் உச்சிக் கொப்பு மட்டும் தெரிந்தது. அதில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது.

"களவு போகலைல மச்சான்? அது போதும்" என்றான் மொக்கைச்சாமி.

சங்கிலியை அறுக்க இரண்டாள் உயரத் தண்ணீருக்குள் அரம் போடுவது யார்? முங்கத் தெரிந்தவர்கள் சாவியோடு இறங்கிப் பார்த்தார்கள். பூட்டு அசையவில்லை. "சூட்சுமத்தச் சொல்லும்யா" என்று கேட்டார்கள். சுருளிவேல் முடியாது என்றுவிட்டார். அதைச் சொல்லிவிட்டால் கள்ளாணிப் பூட்டு ஏது, சுருளிவேல் ஏது? தினமும் குளக்கரையில் வந்து உட்கார்ந்து கொக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை.

போகி அன்று காலையில் அழகம்மாள் வந்தாள். கையில் கோடரி. பின்னால் தம்பியின் வண்டி. படகை இழுக்க ஒத்தாசைக்கு என்று ஆரோக்கியதாஸும் வந்திருந்தார். அவர் எதற்கு வந்தார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"எங்க என் வெறகு?" என்றாள்.

சுருளிவேல் தண்ணீரைக் காட்டினார்.

அழகம்மாள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். மனுஷன் துரும்பாக இளைத்திருந்தார். கோடரியைக் கீழே போட்டாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, "சாவியக் குடுங்க" என்றாள். கமலைக் கிணற்றில் முங்கி வளர்ந்தவள். குளம் அவளுக்கு ஒரு பொருட்டா? குதித்தாள். கொக்கு பறந்தது. செத்த நேரம் கழித்துத் தலை வெளியே வந்தது.

"தெறக்க மாட்டேங்குது!"

சுருளிவேல் சுற்றிலும் பார்த்தார். கரை நிறைய ஊர்ச்சனம். ஆரோக்கியதாஸ் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"சொல்றீகளா, நான் ஏறி வரட்டா?" என்றாள் அழகம்மாள். குளிரில் அவள் பல் கிட்டியது.

"அழகு…" என்றார். அப்புறம் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "அடிப்பக்கம் மூணு ஆணி இருக்கும்! நடு ஆணிய அமுக்கிக்க! சாவிய எடப்பக்கம் ஒரு சுத்து!"

முங்கினாள். எழுந்தாள். "சுத்திட்டேன்!"

"ஆணிய விட்டுரு! இப்ப வலப்பக்கம் அரைச் சுத்து!"

கரையில் நின்ற ஆரோக்கியதாஸ் மெல்லச் சொன்னார்: "ப்பூ, இம்புட்டுத்தானா?"

சுருளிவேலுக்கு அது காதில் விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது.

பூட்டுத் திறந்தது. அழகம்மாள் கருங்கற்களை ஒவ்வொன்றாக வெளியே புரட்டிவிட்டு, வடத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். வண்டிமாடுகள் இழுக்க, தண்ணீர் தளும்ப, படகு கரையோரம் தலை காட்டியது. உள்ளே தண்ணீரில் ஏதோ பளீரென்று வாலடித்தது. மொக்கைச்சாமி பாய்ந்து அமுக்கினான். முழங்கை நீள விரால். பலகைக்கடியில் இன்னொன்று. சுருளிவேலின் பெட்டிக்குள் பெட்டியைத் திறந்தால், இடுக்கு வழியாகப் புகுந்த ஒரு கெண்டைக் குடும்பமே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, நீ சொன்னபடி படகுல மீனு வந்துருச்சே!"

"வந்துச்சுதான். இவரு புடிச்சாரா?" என்றாள் அழகம்மாள், தலையைப் பிழிந்துகொண்டே.

ஊரே பஞ்சாயத்துப் பேச ஆரம்பித்தது. படகு பிடித்தால் படகுக்காரன் பிடித்த மாதிரிதான் என்றது ஒரு கட்சி. அப்படியானால் கொக்கு பிடித்தால் மரத்துக்காரனுக்கா என்றது இன்னொரு கட்சி.

சுருளிவேல் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "வேணாம்யா. நான் புடிக்கல. நெசந்தான். அழகு, உங்க ஆத்தா மேல போட்ட சத்தியம். ஒடைச்சு எடுத்துக்க."

அழகம்மாள் படகைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிடச் சொன்னாள். பிறகு அதை மறுபடியும் குளத்தில் தள்ளச் சொன்னாள். ஏறி நின்று, குனிந்து, அடிப்பலகையைக் கையால் தடவினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள். ஒரு சொட்டு ஏறவில்லை.

"காஞ்ச மரம் வாயப் பொளக்கும், ஊறுன மரம் வாய மூடும். வண்டிச்சக்கரத்தக் கோடையில எதுக்குக் கொளத்துல போடறாக? இத வெயில்ல காயப்போட்டுக் காயப்போட்டுக் கொன்னுருக்கீகளே, என் சாமி!"

"அப்ப… வெறகு?"

"ஈர வெறகு பொகையத்தான் செய்யும். நல்ல நாளும் அதுவுமா என்னைய அழுகவைக்கப் பாக்கறீகளா?" என்றாள். "பனையோலையில பொங்கிக்கறேன். எங்க ஆத்தா ஒண்ணும் சொல்லாது. மீன அண்டாவுல உயிரோட போடு தம்பி, கரிநாளைக்குக் கொழம்பு வப்போம். நீங்க ஏறுங்க."

"நானா?"

"பெறகு ஆரோக்கியதாஸ் அண்ணனவா கூப்புடறேன்?"

சுருளிவேல் ஏறினார். பலகையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழகம்மாள் மிச்சமிருந்த ஒற்றைத் துடுப்பால் ஒரு உந்து உந்தினாள். கரை விலகியது. தண்ணீர் கறுத்தது. மூக்கில் கட்டிய மணி சளங்கென்று ஒலித்தது. நடுக்குளத்துக்கு வந்ததும் அவர் இன்னும் குனிந்து பலகையோடு பலகையாக ஒட்டிக்கொண்டது கரைவரைக்கும் தெரிந்தது.

"என்ன மிஸ்திரி, பயமா இருக்கா?" என்று கத்தினார் ஆரோக்கியதாஸ்.

"இருக்குய்யா!" என்று அங்கிருந்து குரல் வந்தது. "ஆனா எறங்க மாட்டேன்!"