இரண்டு ஜெர்மனி கேமராக்கள்

ஐம்பது வயதாகியும் பழைய கேமரா எதைக் கண்டாலும் முதலில் மோந்து பார்க்கிறேன். போன மாதம் ஒரு கண்காட்சியில் அப்படிச் செய்தபோது காவலாளி என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இது பரம்பரைக் கோளாறு.

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் செலக்டர். குவிந்து கிடக்கும் தோலில் கட்டைவிரலை ஓட்டி, வெள்ளாடா செம்மறியா, என்ன ரகம் என்று பேச்சை நிறுத்தாமலே பிரித்துப் போடுவார். போட்டோ ஸ்டுடியோ வைக்கத் துடித்துக்கொண்டிருந்த மாமா, கேமரா தேர்ந்தெடுக்கவும் அவரையே கூட்டிப்போனார். பத்து வயதுப் பையனான நானும் ஒட்டிக்கொண்டேன்.

மாமாவின் தோஸ்தான பாய், இரட்டைப் பிள்ளைகள் போலிருந்த இரண்டு கேமராக்களை மேசைமேல் வைத்தார். இரண்டின் தலையிலும் ஒரே ஜெர்மன் பெயர்.

“எங்கப்பா வாங்குனது. ஒண்ணு அசல் ஜெர்மனி, ஒண்ணு ரஷ்யாக்காரன் காப்பி. எது எதுன்னு சொல்லாமயே போய்ட்டாரு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. நீயே மொதல்ல எட்த்துக்கோ.”

நான் ஒன்றின் ஃபோகஸ் பார்க்கும் பொடிச் சன்னலில் கண்ணை வைத்தேன். உள்ளே இரண்டு மாமாக்கள் இருந்தார்கள். ஒருவர் கெட்டி, ஒருவர் ஆவி. லென்ஸ் வளையத்தைத் திருக, ஆவி மெல்ல நகர்ந்து வந்து கெட்டி மாமாவுக்குள் புகுந்துகொண்டது. வெளியே இருந்த மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

பாய் இரண்டு லென்ஸையும் கழற்றிக் காட்டினார். இரண்டு கேமராவின் உள்ளேயும் ஒரு குட்டி நெம்புகோல். ஒன்றில் அதன் நுனியில் கடுகளவு சக்கரம். மற்றதில் நாக்கு மாதிரி ஒரு தகடு. சக்கரம் வைத்ததை நான் கையில் எடுத்தேன்.

“மாமா, இதுல சக்கரம் இருக்கு!”

“சும்மா கெட. மச்சான் பாத்துகினு இருக்காரு இல்ல?”

மச்சானான அப்பா கேமராவின் உள்ளே பார்க்கவேயில்லை. மேலே ஒட்டியிருந்த கறுப்புப் போர்வையைத் தடவினார், மோந்தார், வெயிலில் சாய்த்து மயிர்க்கால்களைத் தேடினார். சக்கரம் வைத்ததை ஓரமாகத் தள்ளினார்.

“இது வெறும் ரப்பரு. அது பாரு, வெள்ளாட்டுத் தோலு, ஏ ஒன். ஜெர்மனிக்காரன் ரப்பர ஒட்டுவானா?”

“நமக்கு ரப்பரே போதும்” என்று பாய் மற்றதை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குக் குடிபோனார். மாமாவின் ஸ்டுடியோ பலகையில் ‘அசல் ஜெர்மன் கேமரா’ என்று சிவப்பில் எழுதப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் பாதிக் கல்யாணங்கள் அந்தக் கேமராவுக்குள் போய் வந்தன.

ஜெர்மனிக்காரன் ரப்பரைத்தான் ஒட்டினான் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ள நாற்பது வருடமாயிற்று. சக்கரம் அவனுடையது, நாக்கு ரஷ்யாவுடையது. காப்பியின் மேலிருந்த உறை உரிந்துபோய், எங்களூர்க்காரர் யாரோதான் அருமையான ஆட்டுத்தோலை அளவெடுத்து ஒட்டியிருக்க வேண்டும். அசலை அன்று என் கையில்தான் வைத்திருந்தேன். சக்கரம் அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் அந்த வயதில் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மாமாவுக்கு போன் போட்டு, ஆராய்ச்சியை முழுவதுமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“உன் கல்யாணத்த எட்த்ததும் அதுலதான்டா. இப்ப இன்னா, அதுவும் டூப்ளிகேட்டுன்றியா?”