துணைக்குடும்பம்

கார்குழலி மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறாள், மோந்து பார்க்கிறாள், பிறகு வயிற்றை அழுத்துகிறாள். நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் சங்கரா விற்கிறவளுக்கு இது பழகிவிட்டது. “யக்கா, மீன் வாங்க வந்தியா, போஸ்ட்மார்ட்டம் பண்ண வந்தியா?” கார்குழலி சிரிப்பதில்லை. சிரித்தால் எடை குறையும் என்பது அவள் கணக்கு.

பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்தபின் பால்காரர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பாள். “நல்லவங்கதான். ஆனா நாமதான் பாத்துக்கணும்.” ஊரே இந்தப் பார்வைக்குத் தப்பாது, கணவர் விஜயராகவன் மட்டும் இத்தனை வருடம் தப்பித்திருந்தார். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்புகிற மனிதரிடம் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கையில் ஃபோன் அடித்தது. திரையில் ‘ரூமானா துணைக்குடும்பம்’ என்றிருந்தது. அவள் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. ஈரத்தலையோடு வந்தவர் அவசரமாகத் திருப்பி அழைத்தார். “துணைக்குடும்பத்த இனிமே தனியா வச்சிருக்க முடியாது மேடம். இதுலயே சேத்துட வேண்டியதுதான்.”

கார்குழலி அடுப்பை அணைத்தாள்.

“யாருங்க அது ரூமானா?”

“எங்க காலேஜ் மேடம். தமிழ்ல பாடப்புத்தகம் எழுதுறோம்ல, துணைக்குடும்பம்ங்கிற பாடம் அவங்க எழுதுறாங்க.”

“யாரோட துணைக்குடும்பம்?”

“ஐயே, மிருகத்தோடது. குடும்பத்துக்குள்ள இருக்கிற சின்னப் பிரிவுக்கு அந்தப் பேரு. சிவிங்கிப்புலிக்கு, அதான் சீட்டாவுக்கு, தனியா ஒண்ணு வச்சிருந்தாங்க. இப்ப அது செல்லாது. பூனையோட சேத்துட்டாங்க.”

“பூனைய ஒரு வார்த்த கேட்டாங்களா?”

விஜயராகவன் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டார். வகுப்பில் கேள்வி வந்தால் அவருக்கு உற்சாகம் பிறக்கும், இங்கே வியர்த்தது. “பேருதான் கொழப்பம் குழலி. பழைய புத்தகம் சிலதுல பூனைத் துணைக்குடும்பம்னா புலியும் உள்ள இருக்கும். இப்ப புலிக்கு வேற துணைக்குடும்பம். பேரு ஒண்ணுதான், உள்ள இருக்கிற ஆளு மாறும்.”

“அதத்தான் நானும் கேக்கறேன். உள்ள இருக்கிற ஆளு யாரு?”

அவர் “நீயே பேசிப் பாரேன்” என்று ஃபோனை நீட்டினார்.

கார்குழலி அதை வாங்கி, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ‘துணைக்குடும்பம்’ என்பதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் ‘தங்கச்சி’ என்று அடித்து, திரையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.