ஷைனி மிஸ்ஸின் பயம்

ஷைனி மிஸ் எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவர் விசில் ஊதினால் நான் சமைக்கிற சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் அதிரும். அவ்வளவு பலமாக ஊதுகிறவருக்கு உள்ளே இவ்வளவு பயம் இருக்கும் என்று நான் முதலில் நினைக்கவில்லை.

அது சின்ன வயசில் வந்த பயம். அவருடைய அப்பா யேசுதாஸ், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினவர். ஷிப்ட் முடிந்து வந்தால் அம்மா விக்டோரியா அவரை வாசலிலேயே நிறுத்தி, "கையக் காட்டு" என்பாராம். விரல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். ஒரு நாள் அப்பா கையைக் காட்டவில்லை. துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். மிஷினில் விரல் போனாலும் ஆண்டவர் உயிரைக் காப்பாற்றினார். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டுக்குள் வந்த பயம் திரும்பிப் போகவே இல்லை.

டீச்சர் ஆன பிறகு அந்தப் பழக்கம் ஷைனி மிஸ்ஸுக்கும் வந்துவிட்டது. பயிற்சி முடிந்ததும் பெண் பிள்ளைகளை நிறுத்தி, "கையக் காட்டுங்க" என்பார். அதுகள் முட்டை வாங்க நிற்பதுபோல நீட்டிக்கொண்டு சிரிக்கும். மிஸ் சிரிக்க மாட்டார்.

போன வருஷம் கபடி ஆடும்போது தேவதர்ஷினி என்ற பிள்ளைக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. அவளுடைய அம்மா கங்கம்மாள் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவள். பள்ளிக்கூடத்துக்கு வந்து அவள் சத்தம் எதுவும் போடவில்லை.

"மிஸ், கால் ஒடிஞ்சா கூட உக்காந்துக்கினு வேல செய்யலாம். கை போச்சின்னா எந்தக் கம்பெனில எடுப்பான்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மிஸ் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கபடியையும் அன்றோடு விட்டுவிட்டார்.

இந்த வருஷம் டேக் ரக்பி என்று புதிதாக ஒரு விளையாட்டு வந்தது. பெல்ட்டில் இரண்டு பக்கமும் ரிப்பன் ஒட்டியிருக்கும். பந்தோடு ஓடுகிறவளின் ரிப்பனை உருவினால் போதும், ஆளைப் பிடிக்கக் கூடாது. உருவினவள் அதை உயரத் தூக்கி, "டேக்" என்று கத்துவாள். கை சரியான தேவதர்ஷினியை ஆட அனுப்பச் சொல்லி மிஸ்ஸே கங்கம்மாள் வீட்டுக்குப் போய், "அக்கா, இதுல யாரும் யாரையும் புடிக்க மாட்டாங்க" என்றார்.

"சத்தியமாவா?"

சத்தியம் பண்ண மிஸ்ஸுக்கு வாய் வரவில்லை. "நான் பாத்துக்கறேங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

கபடி ஆடின பிள்ளைகளுக்கு இது சுலபமாக வரவில்லை. எதிரி ஓடி வந்தால் அதுகள் பழக்கத்தில் கை கோத்துச் சுற்றி வளைத்துவிடும். கேப்டன் ஏஞ்சலின் ஒருத்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "ஐயோ மிஸ், கை தானா போவுது மிஸ்!" என்று கத்துவாள்.

லாரியில் தார்ப்பாய் கட்டுகிற கயிறு ஒன்றை மிஸ் வாங்கி வந்தார். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரே வரிசையாக முன்னால் நடக்க வேண்டும். ஒருத்தி முந்தினாலும் பிந்தினாலும் கயிறு கோணும். கோணுகிற இடத்தில்தான் எதிரி நுழைவாள் என்று மிஸ் சொல்லிக்கொடுத்தார். ரிப்பனை இழுக்கும்போது விரல் மாட்டிக்கொள்ளுமே என்று பேன்ட் பாக்கெட்டை எல்லாம் தைத்து மூடச் சொன்னார். நானும் கூட உட்கார்ந்து தைத்தேன்.

அப்படியும் ஒரு பக்கம் மட்டும் கயிறு எப்போதும் கோணும். அது வரிசையின் ஓரத்தில் தர்ஷினி நின்ற இடம். வேகமாக யாராவது வந்தால் போதும், "தர்ஷினி, பின்னால வா!" என்று மிஸ்ஸே கத்திவிடுவார்.

"எளாவூர் செக்போஸ்ட்ல கூட லாரிய நிறுத்துறாங்க. இவ பக்கம் எல்லாம் ஃப்ரீயா போய்க்கினே கீது" என்றாள் ஏஞ்சலின்.

"நான் இன்னாடி பண்றது? மிஸ்தான சொல்றாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

போட்டி திருவள்ளூரில் நடந்தது. பிள்ளைகளுக்குத் துணையாக நானும் போனேன். கங்கம்மாள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளைப் பார்த்ததும் மிஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது. நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டேன்.

எதிர் அணியில் ஒரு பெண் நல்ல உயரம். தர்ஷினி பின்வாங்குவதை அவள் சீக்கிரமே பார்த்துவிட்டாள். பந்து கிடைத்தபோதெல்லாம் அந்தப் பக்கமே ஓடினாள். இடைவேளைக்கு முன்னால் இரண்டு முறை அங்கேயே புகுந்து போய்க் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டாள்.

தண்ணீர் குடிக்க வந்த தர்ஷினியின் கண் கலங்கியிருந்தது. "மிஸ், பின்னால வான்னு இனிமே கூப்புடாதீங்க. என்னாலதான் தோக்குறோம்."

மிஸ் நேராகக் கங்கம்மாளிடம் வந்தார். "அக்கா, பாப்பாவ நான்தான் பின்னால இழுத்துக்கினு இருந்தேன். இப்ப எல்லார் கூடவும் முன்னால போவச் சொல்லட்டா?"

"கைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"சொல்ல முடியாதுக்கா. எனக்கும் பயமாத்தான் இருக்குது."

கங்கம்மாள் மகளையே பார்த்தாள். பிறகு, "நான் அந்தாண்ட திரும்பிக்கினு நிக்கிறேன். நீ இன்னா வேணா சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டு, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

விசில் ஊதினார்கள். "முன்னால!" என்று மிஸ் கத்தினார். கையில் கயிறு இல்லாமலே வரிசை நேராக நகர்ந்தது. ஏஞ்சலின், "தர்ஷினி, நான் இருக்கேன், வா!" என்று கூவினாள். உயரமான பெண் பழைய இடத்துக்கே பாய்ந்து வந்தாள். இந்தத் தடவை தர்ஷினி நகரவில்லை. அந்தப் பெண் உள்பக்கம் திரும்பி ஓடப் பார்த்தாள், அங்கே ஏஞ்சலின் நின்றாள். ஒதுங்க இடம் இல்லாமல் அவளும் தர்ஷினியும் மோதித் தரையில் விழுந்தார்கள். புழுதி எழும்பியது.

சத்தம் நின்றுபோனது.

சுவரைப் பார்த்தபடியே கங்கம்மாள் கேட்டாள். "இன்னா ஆச்சி? எந்தக் கை?"

நான் வாயைத் திறப்பதற்குள் புழுதிக்குள்ளிருந்து ஒரு வலது கை உயர்ந்தது. அதில் சிவப்பு ரிப்பன் இருந்தது. "டேக்!"

"திரும்பிப் பாரு கங்கம்மா" என்றேன். அவள் உடனே திரும்பவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் திரும்பினாள்.

அந்தப் போட்டியில் நாங்கள் தோற்றோம். ஆனால் தர்ஷினி பக்கமாக யாரும் மறுபடி நுழையவில்லை. அவளுக்கு முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். திரும்பி வருகிற பஸ்ஸில் மிஸ் வழக்கம்போல, "கையக் காட்டுங்க" என்றார். எல்லாரும் நீட்டினார்கள். கங்கம்மாள் மகளின் கையைப் பார்க்கவில்லை.

"எங்க, உன் கையக் காட்டு மிஸ்" என்றாள்.

மிஸ் தயங்கித் தயங்கி விரித்தார். விசிலை இறுக்கிப் பிடித்திருந்த இடத்தில் உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. கங்கம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, முந்தானை நுனியை நனைத்து, அந்த இடத்தில் ஒற்றினாள். மிஸ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.