திங்கட்கிழமைப் படகு

கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தோம். முன்னால் லைன் அக்கா. அவருக்குப் பின்னால், ஒரே துணியில் எடுத்துத் தைத்த நீலச் சுடிதாரில் எங்கள் கம்பெனிப் பெண்கள் பத்தொன்பது பேர். கடைசியில் தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு நான். எலிஃபன்டா தீவின் குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதனால் படகு போகாது என்று டிக்கெட் விற்பவன் அப்போதுதான் சொல்லியிருந்தான். புறாக்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்று யோசிக்கலாம் என்று நான் நினைத்தேன். அக்கா நிற்கவில்லை. எந்தப் பக்கம் போகிறோம் என்று அவருக்கும் தெரியாது. நின்றால் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள், உட்கார்ந்தால் ஊர் திரும்பும் பேச்சு வந்துவிடும் என்பது மட்டும் தெரியும்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின்கள் நிற்கும் வரிசைக்கு லைன் என்று பெயர். அந்த வரிசையை ஓட்டும் சூப்பர்வைசர் என்பதால் அவர் எங்களுக்கு லைன் அக்கா. தூத்துக்குடிப் பக்கம் கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். கல்யாணமாகித் திருப்பூர் வந்து, பிசிறு வெட்டும் வேலையில் தொடங்கிப் பல வருஷம் கழித்து அந்த இடத்துக்கு வந்திருந்தார். நான் பண்டல் தூக்கிக் கொடுக்கும் ஹெல்பர். எனக்கு ஊர் கொமரலிங்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, காங்கேயத்தில் அரிசி ஆலை, திருப்பூரில் சாயப்பட்டறை, லாரி என்று சுற்றி, தாராவியில் ஒரு இட்லிக் கடையில் ஒரு மழைக்காலம் பாத்திரம் கழுவியிருந்தேன். அந்தக் காரணத்துக்காகத்தான் அக்கா என்னை இந்தப் பயணத்துக்கு அழைத்தார். பம்பாயில் அடுப்படியைத் தவிர எதையும் பார்த்ததில்லை என்று உள்ளதைச் சொன்னேன். ஹிந்தி பேசுவாய் அல்லவா, அது போதும் என்றார்.

வருஷா வருஷம் கம்பெனி டூர் பழனிதான். மலை ஏறி, மொட்டை போடுபவர்கள் போட்டு, பஞ்சாமிர்தம் வாங்கி, இருட்டுவதற்குள் ஊர் வந்துவிடுவோம். அந்த வருஷம்தான் பெண்களெல்லாம் சேர்ந்து, கடலில் படகு ஏற வேண்டும், அதுவும் பம்பாயில், என்று லைன் அக்காவைத் தூதாக அனுப்பினார்கள். ஓனர் கெட்டவர் அல்ல. ஆனால் அடுத்த வாரம் கண்டெய்னர் ஏற வேண்டிய ஆர்டர் மெஷினில் இருந்தது.

"பாத்துப் போயிட்டு வாங்க. ஆனா புதங்கெழமை சைரன் ஊதறப்ப ஒரு மெஷின் சும்மா நின்னாலும் அடுத்த வருசத்துலருந்து பழனிதானுங்கம்மா."

"நின்னா, அந்த மெஷின்ல நானே உக்காந்து தைக்கேன் சார். சூப்பர்வைசருக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

அவர் கேட்காத பந்தயத்தை இவர் ஏன் கட்டினார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் போய், உங்கள் பெண்ணை நான் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன் என்று சொல்லி வந்தவர் அவர். அத்தனை பேருக்கும் கொடுத்த வாக்கை ஓனரிடமும் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஞாயிறு சாயங்காலம் போய் இறங்கினோம். தாராவியில் அக்காவுக்குத் தெரிந்த ஒரு சர்ச் ஹாலில் பைகளைப் போட்டுவிட்டுக் கடலோர மரைன் டிரைவுக்குப் போனோம். சுவரில் வரிசையாக உட்கார்ந்து விளக்கு எரிவதைப் பார்த்தார்கள், பேல்பூரி தின்றார்கள், போட்டோ எடுத்தார்கள். அது எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அது கரை. திங்கட்கிழமைதான் படகு. அன்று இரவே ரயில். அது புதன் விடியலில் திருப்பூர் சேரும்.

அந்தத் திங்கட்கிழமை கேட்வேயிலிருந்து இப்படி நடந்துகொண்டிருக்கும்போது, காங்கேயத்திலிருந்து வேலைக்கு வரும், ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர் அக்கா ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். லைனிலேயே மூத்தவர், வாய்க்காரர்.

"ஏனுங்கக்கா, கடலத்தான் பாத்தாச்சுங்கல்ல. ஏறித்தான் பாக்கோணுமாக்கும்?"

"பாக்கிறதுக்கு வீட்ல டிவி இருக்கு. ஏறுறதுக்குத்தான் வந்தோம்" என்றார் அக்கா திரும்பாமலே. பிறகு என்னிடம், "ஏல தம்பி, இந்த ஊர்ல போட்ல வேலைக்குப் போறவன் இருப்பாம்லா? அவன் எங்க ஏறுதான், கேளு" என்றார்.

ஒரு வேர்க்கடலைக்காரரிடம் கேட்டேன். பாவுச்சா தக்கா என்று ஒரு மீன்பிடித் துறை இருக்கிறது, அங்கிருந்து எதிர்க்கரை மோராவுக்குத் தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு லாஞ்ச் போகிறது என்றார். டாக்ஸிகளில் திணித்துக்கொண்டு போனோம். மீன் இறக்கும் இடம். பாதிப் பேர் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் கூடைகளுக்கு நடுவே, சொந்த வீட்டு வாசலில் நடப்பதுபோல நடந்து போய்ப் படகில் ஏறி, ஒவ்வொருவருக்காகக் கையை நீட்டினார்.

கட்டணம் கொடுத்துக் கடல் பார்க்க வருபவர்களுக்கான படகு அல்ல அது. காய்கறி மூட்டை, மோட்டார் பைக், தூங்கும் ஆட்கள், டீசல் புகை. ஆனால் அந்தத் துறைமுகத்தை அப்படிப் பார்க்க வேண்டும் என்று இன்றும் சொல்வேன். சாம்பல் நிறக் கடற்படைக் கப்பல்களும், நங்கூரம் போட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களும், மாடி வீடுபோலக் கிட்டே வந்து விலகின. கடற்காக்கைகள் கூடவே பறந்தன. ஒருவர் முறுக்கை உடைத்து வீச, அவை காற்றிலேயே கவ்வியதைப் பார்த்து, கொண்டுவந்த முறுக்கு முழுவதும் தீர்ந்துபோனது. நம்ம சரக்கெல்லாம் இதில்தான் போகுமா என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை, நம்முடையது தூத்துக்குடியில் ஏறுகிறது, இது யார் வீட்டுச் சரக்கோ என்றார் அக்கா. காங்கேயத்து அக்கா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மூடாமல், கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மோராவில் இறங்கியபோது படகுக்காரர் என்னிடம், மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள், பிறகு தண்ணீர் இறங்கிவிடும், சாயங்காலம்வரை லாஞ்ச் வராது என்றார். அப்படியே சொன்னேன்.

"கடல் எங்கல போயிரும்?" என்று சிரித்தார் அக்கா. "நான் கடக்கரையில பொறந்தவ."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் ஊரில் கடல் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், இருந்த இடத்திலேயே இருக்கும். கடலை அவர் ஒருவர்தான் அறிந்தவர் என்பதால் மற்றவர்களும் நம்பினார்கள். ஆட்டோ பிடித்துப் பக்கத்திலிருக்கும் உரண் கடற்கரைக்குப் போனோம். இரண்டிரண்டு பேராகக் கையைப் பிடித்து இடுப்பளவுத் தண்ணீர்வரை அவரே இறக்கிவிட்டார். கரைக்கு வர ஒருவருக்கும் மனமில்லை.

திரும்பி வந்தபோது துறையில் கடல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புச் சேறு. காலையில் மிதந்த படகுகள் அதில் சாய்ந்து கிடந்தன. காங்கேயத்து அக்காவுக்கு அப்போதுதான் பேச்சு திரும்பியது.

"ஏனுங்கக்கா, உங்க கடல் எங்கயோ சோலியாப் போயிருச்சாட்ட இருக்குதுங்க."

லாஞ்சுக்குக் காத்திருந்து, சாயங்கால நெரிசலில் தாராவி போய்ப் பைகளை எடுத்து ரயிலைப் பிடிப்பது நடக்காது. ஒரு பெண் அழத் தொடங்கினாள். எங்கள் ஊர்க் கடல் இப்படிச் செய்யாது என்று மட்டும் சொன்னார் லைன் அக்கா. பிறகு ஈரச் சுடிதாரைப் பிழிந்துவிட்டு, ரயில் வழியில் எங்கே நிற்கும் என்று கேட்டார். கல்யாணில் நிற்கும். பன்வேல் போய் அங்கிருந்து கல்யாணுக்குப் பஸ் உண்டு என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

பைகள் என்ன ஆவது என்று நாலைந்து பேர் ஒன்றாகக் கேட்டார்கள். ஊருக்கு வாங்கிய சேலைகள், பிள்ளைகளின் செருப்புகள் எல்லாம் அதில்தான்.

"தைக்கிறவளுக்குத் துணி கிடைக்காமப் போயிருமா? மொதல்ல ஆளு போகணும்" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, "நீ பையோட வா. ஹெல்பரை ஓனர் எண்ண மாட்டார்" என்றார்.

பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பக்கத்து மெஷின் பீகார்ப் பெண்ணிடம் கற்ற நாலு ஹிந்தி வார்த்தையோடு காங்கேயத்து அக்காதான் கண்டக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் திரும்பும்வரை துறையில் இருந்துவிட்டு லாஞ்சில் போனேன். மறுநாள் எல்லாப் பைகளையும் கயிற்றால் கட்டிப் பொது வகுப்புப் பெட்டியில் ஏற்றி, அவற்றின்மேல் உட்கார்ந்தே ஊர் வந்தேன்.

கம்பெனி கேட்டில் லோடு ஆட்டோவை நிறுத்தியபோது என் இடத்தில் வேறொரு பையன் பண்டல் தூக்கிக்கொண்டிருந்தான். டீ நேரத்தில் லைன் அக்கா வெளியே வந்தார். கல்யாணில் ரயிலைப் பிடித்ததையும், ஸ்டேஷனிலிருந்து நேராக, கடலுப்பு படிந்த அதே நீலச் சுடிதாரில் பெண்கள் எல்லோரும் மெஷினில் போய் உட்கார்ந்ததையும் சொன்னார். சைரன் ஊதும்போது ஓனர் லைன் நெடுக நடந்து பார்த்தாராம். எல்லா மெஷினும் ஓடின. கடைசி மெஷினுக்கு வந்ததும் அக்கா, அடுத்த வருஷம் கொச்சிக்குப் போகலாம் சார் என்று சொல்லியிருக்கிறார். ஓனர், "பாக்கலாமுங்கம்மா" என்றாராம். அந்தக் கம்பெனியில் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம்.

எனக்காக ஓனரிடம் பேசுகிறேன் என்றார் அக்கா. வேண்டாம் என்றேன். எட்டு மாதம் ஒரே இடத்தில் இருந்ததே எனக்கு அதிகம். இப்போது ஆட்களை ஊர் சுற்றிக் காட்டித்தான் பிழைக்கிறேன். எந்த ஊரானாலும் எந்தக் கிழமை எது மூடியிருக்கும் என்று முதலில் விசாரிக்கிறேன், கடல் இருந்தால் தண்ணீர் எப்போது இறங்கும் என்றும். உரணுக்கு இப்போது ரயிலே ஓடுகிறது. ஆனாலும் நான் கூட்டிப்போகிறவர்களை லாஞ்சில்தான் ஏற்றுகிறேன், சேறு தெரிவதற்குள் திரும்பிவிடுகிறேன்.

அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. பைகளை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போய்த் தூங்கினேன். மறுநாள் காலை காங்கேயம் ரோட்டில் ஒரு டிராவல்ஸ் ஷெட்டுக்குப் போய், வண்டியோடு போக ஆள் வேண்டுமா என்று கேட்டேன். என்ன தெரியும் என்றார் முதலாளி. பெண்கள் பத்தொன்பது பேரை பம்பாய் கூட்டிப்போய் வந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வாளியையும் துணியையும் எடுத்துக் கொடுத்து, ஊட்டியிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற வண்டியின் உள்பக்கத்தைக் கழுவச் சொன்னார். கடைசி சீட்டிலிருந்து ஆரம்பித்தேன்.