ராணி இல்லாத கூடு

மூலக்குளத்து மாந்தோப்பில் மாங்காய் பறிக்கும் அந்த மனிதரை எழுபதுகளின் கடைசியில் ஒரு முறைதான் சந்தித்தேன். ஒல்லியானவர், முன்பல் ஒன்று இல்லை. முசுறு எறும்பு கடிக்காமலிருக்க முகத்திலும் கைகளிலும் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் எப்போதும் மரமேறுவாராம்.

நான் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியன். செந்நிறமும் நீண்ட கால்களும் கொண்ட அந்த எறும்புகள், தம் புழுக்கள் விடும் நூலால் பச்சை இலைகளைத் தைத்துக் கூடு கட்டும். எனக்கு அந்தக் கூடு ராணியோடு வேண்டியிருந்தது.

“சாம்பலைக் கழுவிடுங்க. கூட்டுல கொட்டினா கெட்டுடும்,” என்றேன்.

“மூஞ்சியெல்லாம் கடிச்சிடும் சார்.”

“எறும்புதானே, புலியா?”

சிரித்துக்கொண்டே கழுவினார். கூட்டோடு அவர் இறங்கியபோது இடது கண் வீங்கி மூடியிருந்தது. நான் கூட்டைத்தான் பிரித்துப் பார்த்தேன். ஒரு மரத்தில் பல கூடுகள் இருந்தாலும் ராணி ஒன்றில்தான் இருக்கும்.

“இதுல ராணி இல்ல. மேல இருக்கிறதையும் எடுங்க.”

“கண்ணைக் கொஞ்சம் பாரு சார். உள்ள ஒண்ணு பூந்துடுச்சி.”

“எறங்கினதும் பாக்கலாம்.”

அவர் மறுபடியும் ஏறினார். ஏன் ஏறினார் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.

அடுத்த கூட்டில் ராணி இருந்தது. அதைக் குப்பியில் அடைத்து வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அவருடைய கண் நினைவுக்கு வந்தது.